மாற்றிப் போட்ட பொத்தான்

ராஜபாளையத்துப் பஞ்சாலையில் மெஷின் என் வலது கையில் மூன்று விரல்களை எடுத்தது. அந்தக் கை வேலைக்கு ஆகாதென்று மில்லில் நிறுத்திவிட்டார்கள். உதவித்தொகைக்கு ஊனச் சான்று வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் முகாமுக்குப் போனேன். கிளம்பும்போது மனைவி சட்டைப் பொத்தானைப் போட்டுவிட வந்தாள். விடவில்லை, நானே போட்டுக்கொண்டேன்.

டாக்டர் சட்டையைத்தான் பார்த்தார்.

"பொத்தான் யாருய்யா போட்டது?"

"நான்தான்."

"அப்ப வேலைக்குப் போக வேண்டியதுதான? சான்றெல்லாம் கிடையாது."

"மில்லுல ஆகாதுங்காவ, நீங்க ஆகும்ங்கிய. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க."

"வாய்க்கு ஒரு ஊனமும் இல்ல" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த முகாமிலும் அதே டாக்டர். மனைவி வேண்டுமென்றே ஒரு பொத்தானைத் துளை மாற்றிப் போட்டுவிட்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. சான்று கொடுத்தார்.

அதை மடித்துப் பையில் வைத்தேன். அவர் கண்ணெதிரே நின்று பொத்தானை அவிழ்த்து, நானே சரியாகப் போட்டேன்.