ஊதா நிற மில்லும் ஒன்றரை அடியும்

நில உபயோக வரைபடம் என்று ஒன்று இருப்பதே ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்த அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை, அவ்வளவு குஷி. ஊரில் இருக்கிற ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு கலர் அடித்து வைத்திருக்கிறார்கள். வீடுகள் மஞ்சள், கடைகண்ணிகள் நீலம், பூங்கா பச்சை. மந்தைவெளிப் பக்கம் எங்கள் தெரு முழுக்க மஞ்சள். தெருக்கோடியில், கால்வாயை ஒட்டி, ஒரே ஒரு கட்டம் மட்டும் ஊதா. ஊதா என்றால் தொழிற்சாலை. அது எங்கள் பழைய மாவு மில்.

மில் மூடி வெகு காலம் ஆயிற்று. ஓட்டுக் கூரை, பர்மா தேக்கு உத்தரங்கள், படகில் மூட்டை வந்த காலத்தில் இறக்குவதற்காகக் கால்வாய்ப் பக்கம் வைத்த அகலமான ஒரு கதவு. உள்ளே நுழைந்தால் இன்றைக்கும் தும்மல் வரும். மிளகாய்த்தூள் சுவருக்குள்ளேயே ஊறிப் போயிருக்கிறது.

மில்லின் சொந்தக்காரரை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் உருது, தெருவில் தமிழ். நாலு தலைமுறையாக இங்கேதான். அவருடைய தங்கைகள் இருவரும் மில்லை பில்டருக்குக் கொடுத்து அடுக்குமாடி கட்டலாம் என்று நின்றார்கள். பாய்க்கு இடிக்க மனசில்லை. அதே கூரையின் கீழே நாலு சமையலறை கட்டி, ஆர்டருக்குச் சமைத்துக் கொடுக்கிற பெண்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவர் எண்ணம். முதல் சமையலறை யாருக்கு என்பதையும் முடிவு செய்து வைத்திருந்தார்.

அவள் கால்வாய்க் கரைக் குடியிருப்பிலிருந்து வருகிறவள். தினமும் விடிந்ததும் மில் சுவரோரமாக அடுப்பு வைத்து இட்லி விற்பாள். மழை வந்தால் வியாபாரம் இல்லை. போலீஸ் ஜீப் வந்தால் கொதிக்கிற குண்டானைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆழ்வார்பேட்டையில் இரண்டு ஆபீஸ்கள் அவளிடம் தினம் இட்லி வாங்கத் தயாராக இருந்தன. ஆனால் லைசென்ஸ் வேண்டும் என்றன. லைசென்ஸ் கொடுக்கிறவர்கள் முறையான சமையலறை எங்கே என்று கேட்டார்கள்.

பாய் ஒருநாள் மில் வாசலில் நின்றுகொண்டு இதையெல்லாம் சொல்லிப் பெருமூச்சு விட்டார். ஊதா நிலத்தில் மில்தான் ஓடலாமாம். வேறு எது வந்தாலும் நில உபயோக மாற்றம் வாங்க வேண்டுமாம். "அக்கா, நீங்கதான் ஆபீஸ்ல ஃபைல் பாத்தவங்க. எனக்கு அந்த ஃபாரத்தைப் பாத்தாலே தல சுத்துது."

முப்பத்து மூன்று வருஷம் ஃபைலோடு குடும்பம் நடத்திவிட்டு ரிடையர் ஆனவளிடம் வந்து இப்படிச் சொன்னால் விடுவேனா? விதிப் புத்தகத்தைப் பிரிண்ட் எடுத்து, பைண்டிங் போட்டு, பென்சிலும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாணத்தன்னிக்குகூட நீ இவ்ளோ சிரிச்சு நான் பாக்கலையே" என்றார்.

சிரிப்பு வராமல் என்ன செய்யும்? அந்த விதிகளை எழுதின மனுஷர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் நாலு பக்கமும் இடம் விட வேண்டும், வண்டி நிறுத்த இடம் காட்ட வேண்டும். இடிக்காமல் பழுது பார்த்தால் அதற்கெல்லாம் சலுகை. படித்துவிட்டுக் கை தட்டினேன். நகரத் திட்ட அலுவலகத்துக்கு ஒன்பது தடவை நடந்தேன். பத்திரிகையில் அறிவிப்பு வந்தது, ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று. கெடு முடிகிற வரைக்கும் காலண்டரில் நாளைக் கிழித்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தரும் ஆட்சேபிக்கவில்லை. அன்றைக்கு மில்லுக்குள்ளே போய் நானும் இட்லிக்காரியும் கரித்துண்டால் சுவரில் கோடு போட்டோம். அடுப்பு இங்கே, கிரைண்டர் அங்கே, தொட்டி ஜன்னலுக்குக் கீழே.

"யம்மா, கிரைண்டர் அந்தாண்ட வேணாம். மாவு வழிச்சிக்கினு இவ்ளோ தூரம் நடக்கணும். இங்க வெய்யி" என்று என் கோட்டை அழித்து அவள் கோட்டைப் போட்டாள். இருவரும் தும்மித் தும்மிச் சிரித்தோம்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு விதி. தெரு ஒன்பது மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அதிலே மட்டும் சலுகை கிடையாது. அதையும் தெருவின் ஆகக் குறுகலான இடத்தில் அளப்பார்கள்.

சென்னைத் தெருக்கள் எப்படிக் குறுகுகின்றன என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தாரை ஊற்றுவார்கள். ரோடு ஏறும், வீடு இறங்கும். மழைத் தண்ணீர் வாசலுக்குள் வரும். உடனே வீட்டுக்காரர் வாசலை உயர்த்துவார். வாசல் உயர்ந்தால் வண்டி ஏறச் சரிவு வேண்டும். அந்தச் சரிவு எங்கே போகும்? தெருவுக்குத்தான். ஆளுக்கு ஒரு சாண், இரண்டு சாண் என்று எல்லோரும் தின்று வைத்திருந்தார்கள்.

வீடு வீடாக ஏறினேன். கெஞ்சினேன், மிரட்டினேன், விதிப் புத்தகத்தைத் திறந்து படித்துக் காட்டினேன். எதிர்வீட்டுக்காரர்தான் பெரிய பாறை. "சரிவை இடிச்சிட்டா என் காரைத் தலையிலயா தூக்கிட்டுப் போவேன் மேடம்?" என்றார். "தூக்கிட்டுப் போங்க. டாக்டர் உங்களை எக்ஸர்சைஸ் பண்ணச் சொல்லியிருக்காரே" என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே ஆள் வைத்து இடித்து, தூக்கி வைக்கிற மாதிரி இரும்புப் பலகை வாங்கிப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து மற்ற வீடுகளும் இடித்தன. எங்கள் சரிவையும் இடித்தேன், எல்லோரும் பார்க்க, பகலில். பெருமை தாங்கவில்லை எனக்கு.

ஆபீஸர் நேரில் வந்து அளப்பதற்கு முந்தின நாள், எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பாய் ஒரு சர்வேயரை அழைத்து வந்தார். தெரு முழுக்க டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர் என் வீட்டு வாசலில் நின்றார். மறுபடி அளந்தார். புல வரைபடத்தை விரித்து என் ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்துப் பார்த்தார்.

"மேடம், இங்க ஒன்றரை அடி குறையுது. எதிர்வீட்டுச் சுவர் கோட்டுலதான் இருக்கு. உங்க காம்பவுண்டுதான் வெளிய வந்திருக்கு."

தெருவே நின்றுகொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். நான் சொன்னேன்: "நாங்க பழைய சுவர் இருந்த இடத்துலயேதான் கட்டினோம்."

அது பொய். என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. சர்வேயர், "அப்ப எல்லைக் கல்லைக் காட்டுங்க. கல் இல்லேன்னா, இருக்கிற சுவரை வெச்சு அகலத்தை எழுதிடுவாங்க" என்றார். பாய் முகம் வாடிப் போயிற்று. "அக்கா, நாளைக்கு இது போச்சுன்னா அடுத்த வாரமே பில்டருக்குக் கையெழுத்துதான். தங்கச்சிங்க இதுக்கு மேல காத்திருக்க மாட்டாங்க" என்றார். இட்லிக்காரி என் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடியே, "கல்லு உள்ளதானே இருக்கு" என்றார்.

"எனக்கென்ன தெரியும்?"

"மேஸ்திரிகிட்ட மண்ணைப் போட்டு மூடிடுன்னு சொன்னது நானா?"

கரண்டியை வீசிவிட்டுப் போய்விட்டேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சுவரைப் புதுசாக எழுப்பினபோது, ஸ்கூட்டர் நிறுத்த இடம் வேண்டும் என்று வெளியே தள்ளிக் கட்டச் சொன்னது நான்தான். ஒன்றரை அடிதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று சொன்னதும் நான்தான். எல்லைக் கல் சுவருக்கு உட்பக்கம் மாட்டிக்கொண்டது. மறுநாள் அதை மூடச் சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் பஸ் பிடித்துப் போனேன். ஏழு வீட்டுச் சரிவை இடிக்க வைத்தவள் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. விதிப் புத்தகம் மேஜை மேல் இருந்தது, அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

காலையில் காபிகூடக் குடிக்காமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். "நேத்து நான் சொன்னது பொய். என் சுவரை இடிக்கப் போறேன். கடப்பாரை இருந்தா குடுங்க" என்றேன். நான் வசவுக்குத் தயாராக நின்றேன். அவர் உள்ளே போய் இரண்டு கடப்பாரை கொண்டு வந்தார், ஒன்று அவருக்கு.

எட்டு மணிக்குள் தெருவே கூடிவிட்டது. பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு செங்கல் சுமந்தார். என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் மோர் கலந்து கொடுத்தார். சுவர் விழ விழ எனக்கு உற்சாகம் ஏறியது. புழுதியில் இருமிக்கொண்டே சத்தம் போட்டு வேலை வாங்கினேன். பத்து மணிக்குச் சுவர் இல்லை. ஆனால் கல்லும் இல்லை. எந்த இடத்தில் மூடினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, நான்தான் நின்று பார்க்கவே இல்லையே. நாலு இடத்தில் தோண்டினோம். ஆபீஸரின் ஜீப் தெருமுனையில் திரும்பியது.

இட்லிக்காரி கடையைக் கட்டிவிட்டு வந்து ஓரமாக நின்றிருந்தாள். நேராக நடந்து வந்து, கேட்டுக்கு இடது பக்கம் ஓர் இடத்தைக் காலால் தட்டினாள்.

"இங்க தோண்டு நைனா."

பாய் தோண்டினார். முழங்கை ஆழத்தில் கடப்பாரை ணங் என்றது. கையால் மண்ணைத் தள்ளினார். கல்தான். மேலே அம்புக்குறி செதுக்கின எல்லைக் கல்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

"இது மேலதான என் மாவுக் குண்டான் இருக்கும்" என்றாள் அவள், கல்லின் தலையைத் துடைத்துக்கொண்டே. "உன் பழைய செவுத்த ஒட்டித்தான் மொதல்ல கடை போட்டுக்கினு இருந்தேன். நீ செவரு எழுப்பினப்புறம்தான் அந்தாண்ட மில்லுக்குப் போனது. அப்போ நான் ஒல்லியா இருப்பேன். அதான் உனக்கு அடையாளம் தெர்ல."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னேனேம்மா. செவரு எழுப்பின அன்னிக்கே வந்து கேட்டேன். ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தான்னு சொல்லிட்டு நீ பஸ் ஏறிப் போய்க்கினே இருந்த."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்குள் ஆபீஸர் இறங்கி வந்து, "டேப்பை யாராவது கல்லு மேல பிடிங்க" என்றார்.

நான் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து டேப்பின் நுனியைக் கல்லில் வைத்தேன். எதிர்ப்பக்கம் எதிர்வீட்டுக்காரரின் சுவரோரம் குனிந்த ஆபீஸர் படித்தார். ஒன்பது மீட்டர் இருந்தது, நாலு விரற்கடை கூடவே இருந்தது. பின்னால் யாரோ கை தட்டினார்கள். பாய் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுதறதுக்கு முன்னாடி இன்னொரு தரம் பாத்துக்கறேன். டேப்பு ஆடுது, அழுத்திப் பிடிங்கம்மா" என்றார் ஆபீஸர்.

இட்லிக்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையின் மேல் தன் கையை வைத்து, டேப்பைக் கல்லோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.