நாங்கள் இளைக்க வைத்த கை

1933-ஆம் வருஷம் ஆவணி மாதம், சூரிய கிரகணத்தன்று, சாந்தோம் கடற்கரையில் நடந்தது இது. அப்போது நாங்கள் மயிலாப்பூரில் குடியிருந்தோம். நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தேன். நான்கு பெண்களில் மூவருக்குக் கல்யாணமாகிவிட்டது. கடைசிப் பெண்ணுக்குப் பதினேழு வயது. அந்தக் கவலையில் எனக்குத் தூக்கமே வருவதில்லை.

அவள் நல்ல உயரம், அகன்ற தோள். கிணற்றிலிருந்து பன்னிரண்டு வாளி தண்ணீரை மூச்சு வாங்காமல் இழுத்துக் கொட்டுவாள். ஆனி மாதத்தில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பிள்ளை பி.ஏ. படித்தவன், மெலிந்த உடம்பு. அவன் தாயார் பஜ்ஜியைத் தின்றுகொண்டே சொன்னாள்: "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. ஆனா இந்த ஆகிருதியோட என் பிள்ளை பக்கத்துல மணையில உக்காந்தா, யார் யாருக்குத் தாலி கட்டப்போறான்னு ஊரே கேக்கும். கொஞ்சம் இளைக்கட்டும். ஆடி கழிஞ்சு வரோம்."

எல்லோரும் சிரித்தார்கள். என் பெண்ணும் சிரித்தாள். ஆனால் அவர்கள் போனபின் சாப்பிட உட்கார்ந்தவள், புடவைத் தலைப்பை இழுத்துக் கைகளை முழங்கைவரை மூடிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து பத்தியம் தொடங்கியது. பகலில் ஒரு வேளை சாதம், ராத்திரிக்குக் கொள்ளுத் தண்ணீர். என் மனைவி கல்நெஞ்சக்காரி அல்ல. இந்த இடமும் தட்டிப் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தாள். எனக்கும் அதே பயம்தான். எதிரே உட்கார்ந்து, பெண் எடுத்து வைக்கும் கவளங்களை எண்ணுவேன். பதினொன்று ஒன்பதாயிற்று, ஒன்பது ஏழாயிற்று. குறையக் குறைய ஆறுதலாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. ஆவணி பிறந்தபோது அவள் நாலாவது வாளியிலேயே கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கன்னம் ஒட்டிடுத்து, பாத்தேளா?" என்றாள் மனைவி. சந்தோஷப்படுகிறாளா வருத்தப்படுகிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

கிரகணம் காலையில் பிடித்தது. முதல்நாள் மாலையிலிருந்தே வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மற்றவர்களுக்கு அது ஒரு வேளைப் பட்டினி. அவளுக்கோ பட்டினியின்மேல் பட்டினி. அது எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை.

கிரகணம் விட்டதும் என் மனைவியும் பெண்ணும் உட்பட எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, முழுகுவதற்காக வரிசையாகக் கடலில் இறங்கினார்கள். உலர்ந்த துணிமூட்டையுடன் நான் மணலில் நின்று, வழக்கம்போல் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பெரிய அலையொன்று புரண்டு வந்து திரும்பியது. பார்த்தால் ஏழு தலைகள்தான் இருந்தன.

வரிசையின் கடைசியில், பெண்ணுக்கு அடுத்து நின்ற என் மனைவியைக் காணோம். ஒன்பது கஜப் புடவை தண்ணீரில் ஊறிக் கனத்து அவளைப் புரட்டிப்போட்டிருந்தது. மற்றவர்கள் அலறிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். என் பெண் மட்டும் நின்றாள். அவளுடைய இரண்டு கைகளும் தண்ணீருக்குள் எதையோ பிடித்திருந்தன. அலை உள்வாங்கும்போதெல்லாம் அவளும் ஓரடி உள்ளே போனாள். ஆனால் பிடியை விடவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. முழங்காலளவு தண்ணீரிலேயே இரண்டு முறை விழுந்தேன்.

கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த குப்பத்துப் பெண் ஒருத்தி புடவையை வரிந்துகொண்டு ஓடிவந்தாள். "வுடாத பாப்பா, வுடாத! குதிகால மண்ணுல ஊனு!" என்று கத்தியபடி என் பெண்ணின் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். அடுத்த அலை தள்ளிய வேகத்தில் இருவருமாக என் மனைவியைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள்.

மனைவி தண்ணீரைக் கக்கிக் கண் திறந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் என் பெண் மடங்கி விழுந்தாள்.

"இன்னா சாமி, பொண்ணு இப்டி வெடவெடன்னு ஆடுது? சோறு துன்னு எம்மா நாளாச்சு?" என்று கேட்டாள் குப்பத்துப் பெண்.

"கிரகணம், அதனால்..." என்று நான் தொடங்கினேன். என் மனைவி படுத்தபடியே குறுக்கிட்டாள். "நான்தாம்மா போடலை. கல்யாணத்துக்கு இளைக்கணும்னு."

"இளைக்கவா? நல்லா கீது போ ஆத்தா! இந்தக் கை மட்டும் ஈர்க்குச்சியா இருந்திருந்தா, இந்நேரம் எங்காளுங்க வலையப் போட்டு உன்னியத் தேடிக்கினு இருப்பாங்க."

சொல்லிக்கொண்டே தன் தலைப்பால் என் பெண்ணின் தலையைத் துவட்டினாள். மடி, ஆசாரம் என்று எதையும் விட்டுக்கொடுக்காத என் மனைவி, அந்தக் குப்பத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் படுக்கச் சொன்னேன். கேட்காமல் அடுப்பை மூட்டினாள் மனைவி. இரண்டாம் முறை சாதம் போட வந்தபோது, பெண் பழக்கத்தில் இலைக்குமேல் கையை நீட்டி, "போதும்மா" என்றாள். மனைவி அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டுப் போட்டாள். அன்று நான் கவளங்களை எண்ணவில்லை.

பத்து நாளைக்கெல்லாம் தரகர் வந்தார். "பொண்ணு இளைச்சிருக்காளா மாமா? அவா கேட்டனுப்பிச்சா" என்றார். நான் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து என் மனைவியின் பதில் வந்தது. "இளைச்சதெல்லாம் தேறிண்டு வரா. அவாத்துப் பிள்ளையைக் கொஞ்சம் சாப்பிடச் சொல்லுங்கோ!" அந்த இடம் அதோடு போயிற்று. பிறகு வேறிடத்தில் கல்யாணமாகிப் பெண் சௌக்கியமாக இருக்கிறாள்.

என் மனைவி இன்று என்னோடு இருப்பது, நாங்கள் இருவரும் சேர்ந்து கரைக்கப் பார்த்தும் கரையாமல் அந்தக் கைகளில் மீந்திருந்த பலத்தால்தான். கிரகணம் இன்னும் ஒரு மாதம் தள்ளி வந்திருந்தால், எங்கள் எண்ணம் முழுக்க நிறைவேறியிருக்கும்.