பத்தாவது தீவில் எரியும் விளக்கு

நான் ஒரு பேயன், அதாவது முழு மடையன், என்பதை முதலிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுகிறேன். வாசிக்கிறவர்களுக்குக் கண்டுபிடிக்கும் வேலை மிச்சம். முப்பத்தெட்டு வயதில், நோர்வேயின் வடக்கு மூலையில், பகல் முழுக்க மீனுக்கு முள்ளெடுத்துவிட்டு வந்து, கழுவிய கையின் ஈரம் காயுமுன்னே தொலைக்காட்சிக்கு முன்னால் சப்பாணி கட்டிக் குந்தி, மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு கரடிக்குட்டியைத் தீவுக்குத் தீவு பாய வைக்கிறவன் நான். அது பேய்த்தனமில்லை, பொழுதுபோக்கு. பேய்த்தனம் என்னவென்றால், அதே மாதிரி விளையாட்டுப் பெட்டியொன்றை விசுவமடுவில் இருக்கிற என் அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, நெருப்புப்பெட்டியில் பாதியளவான ஒரு சாமானை, வேண்டுமென்றே, மிகுந்த புத்திசாலித்தனத்தோடு, இங்கே மேசை லாச்சிக்குள் விட்டுவிட்டுப் போனது. அதன் பெயர் மெமரிகார்ட். விளையாட்டை எந்த இடத்தில் விட்டோமோ அங்கேயிருந்து மறுநாள் தொடர வேண்டுமென்றால் அது வேண்டும். அது இல்லாவிட்டால், பெட்டியை நிறுத்தும்போதெல்லாம் எல்லாம் அழிந்து, மறுபடியும் முதலாம் தீவு.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்த எல்லாரையும் புயல் அடித்துக்கொண்டுபோக, தூரப்போய் விழுந்த கரடிக்குட்டி ஒன்று, வானத்தில் மிதக்கிற பத்துத் தீவுகளைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். சுடுவதில்லை, வெட்டுவதில்லை. கரடி நடக்கும்போது பச்சைச் சப்பாத்து ‘சளக் சளக்’ என்று சத்தம் போடும். படத்தில் பார்ப்பதுபோல் மரம் தட்டையாக நிற்காது. மரத்துக்குப் பின்னால் சுற்றிப் போய், அங்கே யார் ஒளித்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கலாம். கால் தவறி விழுந்தாலும் சாவு கிடையாது. சிவப்புப் பலூன் ஒன்று கீழே போய்க் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, விழுந்த இடத்திலேயே பக்குவமாக இறக்கிவிடும். முதலாம் தீவில் நின்று பார்த்தால் வெகுதூரத்தில் பத்தாம் தீவு பொட்டுப்போலத் தெரியும். அதில் ஒரு வீடு. அந்த வீட்டு யன்னலில் ஒரு விளக்கு. தொழிற்சாலைக் குளிரில் விரல் விறைத்து வருகிற எனக்கு இந்தக் கரடி என்ன மருந்து கொடுத்தது என்று கேட்டால் பதில் தெரியாது. ஆனால் அக்காவோடு தொலைபேசியில் கதைக்கும்போதெல்லாம் மீனைப் பற்றிச் சொல்லாமல் கரடியைப் பற்றியே சொல்லித் தொலைத்தேன். “உது எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்கா பாக்கவேணும்” என்றா அக்கா. போதாதா? சண்டை நின்ற சமாதான காலம், அக்கா ஊருக்குப் போகிற பாதை திறந்திருந்தது. அக்காவுக்கும் ஒரு பெட்டி வாங்க நான் கடைக்குப் போனேன்.

கடையில் இருந்த பெட்டை, பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டாள். நாற்பத்து மூன்று என்றேன். என் நோர்வேஜியன் பிழை என்று நினைத்து, விரலால் காட்டச் சொன்னாள். நான் நாலு விரலையும் பிறகு மூன்று விரலையும் காட்டினேன். அவளுடைய முகம் இளகிவிட்டது. குரலைத் தாழ்த்தி, இப்படிப்பட்டவர்களுக்கு இந்த விளையாட்டு மிகவும் நல்லது, பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள் என்றாள். ஆறு மாட்டையும் இரண்டு ஏக்கர் வயலையும் அத்தானையும் ஒற்றைக் கையால் மேய்க்கிற என் அக்காவுக்கு அவள் பொதி சுற்றி, ரிபன் கட்டி, பலூனும் ஒட்டித் தந்தாள். நான் “தக்” என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

புறப்பட முதல்நாள்தான் மூளை வேலை செய்யத் தொடங்கியது. பெட்டி பெரிது, விளையாட்டுச் சாமான் என்று யாருக்கும் தெரியும். ஆனால் கூடக் கொண்டுபோக எடுத்து வைத்த என்னுடைய கார்ட்? கறுப்பாக, சின்னதாக, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத சாமான். ஓமந்தையில் இராணுவத்தின் சோதனை, புளியங்குளத்தில் மற்றப் பக்கமான இயக்கத்தின் சோதனை. ‘இதில் என்ன பதிந்து வைத்திருக்கிறாய்’ என்று கேட்டால், கரடி ஏழாம் தீவில் நிற்கிறது என்று எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? சாவடிகளில் வளர்ந்தவனுக்குத் தன் சாமானைத் தானே பறிமுதல் செய்யும் பழக்கம் எத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்தாலும் போகாது. கார்ட்டை லாச்சிக்குள் போட்டேன். ஓமந்தையில் சிப்பாய் ஒருவன் பெட்டியைத் திறந்து, கரடியின் படத்தைப் பார்த்து, இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த பக்கத்தில் ஒரு பொடியன் கேட்டான்.

“அண்ணை, இது சண்டை விளையாட்டோ?”

“இல்லைத் தம்பி, கரடி.”

“சுடுமோ?”

“பாயும்.”

“போங்கோ.”

இதற்காகத்தான் நான் அந்தக் கார்ட்டை விட்டுவிட்டு வந்தேன்.

விசுவமடுவில் அக்கா வீட்டில் மின்சாரம் இல்லை. சந்தியில் சார்ஜ் ஏற்றிய கார் பற்றரியை அத்தான் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார். அதில் சின்ன ரீவியும் என் பெட்டியும் ஒன்றேகால் மணித்தியாலம் ஓடும். பின்னேரம் மாடு கட்டியதும் அக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. முதலாம் தீவை நல்லபடியாகத் தாண்டினா. இரண்டாம் தீவில் சிவப்புக் கொடிகள் நட்டிருக்கும். அந்த இடத்தில் ஏறினால் நிலம் மெத்தைபோல உந்தி, கரடியை உயரத்துக்கு எறியும். அக்காவோ கொடிகளைக் கண்டதும் கரடியைப் பின்னுக்கு இழுத்து, தீவின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி நடத்திக்கொண்டிருந்தா.

“அக்கா, கொடியில ஏறு. அதில ஏறினாத்தான் மேல போகலாம்.”

“சிவப்புக் கொடி நட்டிருக்கு. உனக்குக் கண் தெரியேல்லையே?”

“உவன்ர கதையைக் கேட்டுக் காலை வைச்சிடாதை!” என்று குசினிக்குள் இருந்து தேத்தண்ணியோடு ஓடிவந்தார் அத்தான்.

கண்ணிவெடி எடுக்கிறவர்கள் வயல்கரையில் நட்டுவிட்டுப் போன கொடிகளுக்குப் பக்கத்தில் மாடு மேய்க்கிறவர்கள் அவர்கள். நான் இந்த விளையாட்டை எத்தனையோ மாதம் விளையாடியவன். அந்தக் கொடி எனக்கு ஒருநாளும் அப்படித் தெரிந்ததில்லை. கரடிக்கு ஒன்றும் நடக்காது, விழுந்தாலும் பலூன் கொண்டுவந்து விடும் என்றேன்.

“எந்தப் பலூன்?”

காட்டுவதற்காகக் கரடியை விளிம்பிலிருந்து கீழே விழுத்தினேன். பலூன் இறங்கிப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தது. கரடி தலையை உதறிவிட்டுச் சிரித்தது. அக்கா கதிரையைக் கிட்ட இழுத்தா. பிறகு அத்தான், “இன்னொருக்கா விழுத்து, பாப்பம்” என்றார். இன்னொருக்கா விழுத்தினேன். பிறகு அக்கா விழுத்தினா. பிறகு அத்தான். அன்றைய பற்றரி முழுவதும் கரடியை விழுத்துவதிலும் எழுப்புவதிலும் முடிந்துபோனது. கடைசியில் அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கொடியில் ஏற்றினா. கரடி துள்ளி எழும்பி உயரத்துக்குப் போனதும் ரீவி அணைந்தது.

மறுநாள் பெட்டியைப் போட்டால் முதலாம் தீவு. அக்கா என்னைப் பார்த்தா. நான் கார்ட்டின் கதையைச் சொன்னேன். “ஏன் விட்டுட்டு வந்தனி?” “பயத்தில.” “பயந்தவன் மூளையை விட்டுட்டு வந்திருக்கலாம். அதை ஒருத்தரும் சோதிச்சிருக்க மாட்டினம்.” அத்தான் சமாதானம் பேசினார்: “விடு மச்சான். முதலில இருந்து துவங்கிறது உன்ர கொக்காவுக்குப் புதுசே?” வடக்கே தீபகற்பத்திலிருந்து குளத்துத் தண்ணீர் பாய்கிற காணிக்கு வந்த குடும்பம் எங்களுடையது, அதற்குப் பிறகு சண்டையால் எத்தனை முறை மூட்டை கட்டினார்கள் என்பதை நான் தொலைபேசியில் மட்டுமே கேட்டவன். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர்கள் சிரித்தார்கள்.

நான் நின்ற நாலு கிழமையும் அக்கா ஒவ்வொரு பின்னேரமும் முதலாம் தீவிலிருந்து புறப்பட்டா. வயலுக்குக் குளத்துத் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும்; உன் முறை முடியுமுன் உன் பாத்தி நனைய வேண்டும், வாய்க்காலில் நின்று வேடிக்கை பார்த்தால் பயிர் காயும். பற்றரியையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டா. நான் ஒவ்வொரு தீவிலும் மினுங்குகிற பூவெல்லாம் பொறுக்கிக்கொண்டு திரிகிறவன். ஓயாத மின்சாரத்தின் கொழுப்பு. அக்கா ஒரு பூவையும் திரும்பிப் பார்ப்பதில்லை. எந்தக் கல்லில் கால் வைத்தால் எத்தனை அடி மிச்சம் என்று கண்டுபிடித்து, நான் அறியாத குறுக்கு வழியெல்லாம் போய், ஒன்றேகால் மணித்தியாலத்தில் ஆறாம் தீவை எட்டினா. அதற்குமேல் பற்றரி விடாது. ரீவி அணைகிற ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி.

“புயல் எல்லாரையும் அடிச்சுக்கொண்டு போட்டுது எண்டால், அந்த வீட்டில விளக்கு ஆர் கொளுத்தினது?”

“எனக்கும் தெரியாது அக்கா. நானும் ஏழிலதான் நிக்கிறன்.”

“கார்ட்டை அனுப்பு. நான் போய்ப் பாத்துச் சொல்லுறன்.”

அனுப்புகிறேன் என்று அக்காவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தவன் நான். நோர்வேக்கு வந்தவுடன் அக்காவுக்கென்று புதுக் கார்ட் ஒன்று வாங்கினேன். ஊருக்குப் போகிற ஆளைத் தேடினேன். இங்கேதான் என் பேய்த்தனத்தின் இரண்டாம் பாகம். கார்ட்டை விட்டுவிட்டுப் போன என் கெட்டித்தனத்தை, போவதற்கு முன்பே இந்த ஊர்த் தமிழர்கள் அத்தனை பேருக்கும் நான் பிரசங்கம் செய்து வைத்திருந்தேன். இப்போது ஒருவர்கூட அதைத் தொடமாட்டேன் என்கிறார்கள். “அண்ணை, நீங்கள்தானே சொன்னனீங்கள், அது வில்லங்கமான சாமான் எண்டு?” ஒன்றும் நடக்காது, அவர்கள் கரடியைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று சத்தியம் செய்தேன். என் முதற் பிரசங்கத்தை நம்பிய சனம் இரண்டாவதை நம்பவில்லை. கடைசியில் ஒருவர் பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டார். அவர் பயணம் வெளிக்கிட முன் சண்டை மறுபடி மூண்டு, பாதையை மூடிவிட்டார்கள்.

அந்தக் கிழமை தொழிற்சாலையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்று முள்ளெடுக்கிற ஓலா, என்ன நடந்தது என்று கேட்டான். அக்கா வீட்டுக்குப் போகிற பாதை மூடிவிட்டது என்றேன். அவன் கத்தியை வைத்துவிட்டு மிகவும் அனுதாபத்தோடு, எவ்வளவு உயரம் என்று கேட்டான். எது உயரம்? பனி. இந்தப் பக்கத்தில் மலைப்பாதைகள் குளிர்காலத்தில் மூடும். தடை போட்டு, மஞ்சள் விளக்கு எரியவிட்டு, பனியை வழிக்கிற வண்டி வந்ததும் திறப்பார்கள். எங்கள் ஊரில் பனி இல்லை என்றேன். பிறகேன் மூடினார்கள் என்றான். நான் தெரிந்த நோர்வேஜியனை எல்லாம் செலவழித்து விளங்கப்படுத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தோளில் தட்டி, “ஏப்ரலில் திறந்துவிடுவார்கள்” என்றான். எனக்கு வந்த கோபத்தில் அன்று நான் முள்ளெடுத்த மீன்களில் முள்ளே மிச்சம். ஆனால் வீட்டுக்கு வந்து நாட்காட்டியில் ஏப்ரலைப் புரட்டிப் பார்த்த பேயனும் நான்தான்.

ஏப்ரல் வந்து போய்விட்டது. கோபத்தை வேறெங்கே காட்டுவதென்று தெரியாமல் கரடியில் காட்டினேன். எட்டு, ஒன்பது, பத்து. போன கிழமை கதவைத் திறந்து உள்ளே போனேன். விளக்கைக் கொளுத்தியவர் யார் என்று எனக்கு இப்போது தெரியும். அதை இங்கே எழுதவில்லை. இந்தத் தாள் எப்படியாவது விசுவமடுவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் என் காது இருக்காது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த வீட்டு யன்னலில் நின்று பார்த்தால் தூரத்தில் முதலாம் தீவு பொட்டுப்போலத் தெரிகிறது. நான் கரடியை உள்ளே இருக்க விடாமல், யன்னலடியில் கொண்டுபோய் நிறுத்தி, அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்து சேர்ந்த சந்தோசம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பஸ் பிடித்துக் கிளிநொச்சித் தொலைபேசி நிலையத்துக்கு வந்திருந்தா. பற்றரி செத்துவிட்டது, புதிதாக வாங்க வழியில்லை, அத்தான் பெட்டியைப் பொலித்தீனால் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார் என்றா. விளையாட்டு மறந்துபோச்சோ என்று கேட்டேன். “கண்ணை மூடினால் ஆறு மட்டும் போவன்” என்றா. பாதை எப்போது திறக்கும், யார் கண்டது? இந்த ஒன்றையாவது கொடுத்துவிடலாமே.

“அக்கா, நான் முடிச்சிட்டன். விளக்கு ஆர் கொளுத்தினது எண்டு சொல்லட்டே?”

அந்தப் பக்கத்தில் வரிசையில் நின்ற யாரோ இருமுவது கேட்டது.

“சொல்லாதை, ரோட்டுத் திறக்கட்டும்.”