சுடர் அசையாத வீடு

ரங்கூனில் குளிர் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மார்கழி விடியலில், பசுந்தாங் ஓடைக்கரையில், கால் நட்டு எழுப்பிய பலகை வீட்டில், மூச்சு இழுக்கிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தவன் சிரிக்க மாட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் இரண்டு குளிர்காலம் நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நான் ஓர் ஆபீசில் தச்சன். எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. அதிகாரிகள் செத்திருப்பார்கள், ஆனால் அவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆபீஸ் எங்களுக்குக் குடியிருக்க ஒரு லயன் கொடுத்திருந்தது. ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு ஓர் அறை. தரைப்பலகை இடுக்கில் சேற்று நாற்றம் வரும். சுவர்ப்பலகை இடுக்கில் காற்று வரும். இது போதாதென்று வடக்குப் பக்கம், கூரைக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்குச் சுவரே கிடையாது. அது பழுது இல்லை, உத்தரவு. பிளேக் வந்த வருஷங்களில், அடைத்த வீட்டில்தான் நோய் தங்கும், காற்றோட்டம் வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

அந்தத் திறப்பை வெட்டியவனும் நான்தான். கல்யாணத்துக்கு முன்பு, மூன்றே நாளில், பன்னிரண்டு வீட்டிலும் வெட்டினேன். வெட்டு நூல் பிடித்தமாதிரி இருக்கிறது என்று மேஸ்திரி எல்லார் முன்னாலும் பாராட்டினார். ஐந்தாவது வீட்டில் அப்போது இருந்த கிழவர் மட்டும், "நாசமாப் போறவனே, என் தலைக்கு மேலேயா வெட்டுறே?" என்றார். பிற்பாடு அந்த ஐந்தாவது வீடுதான் எனக்குக் கிடைத்தது. அவர் சொன்னது சரி. படுத்தால் காற்று நேரே தலைக்கு மேல்தான் வருகிறது.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. ஐப்பசி போய் வாடை தொடங்கினால் அவளுக்கு இழுப்பும் தொடங்கிவிடும். விலா எலும்பு ஒவ்வொன்றும் உள்ளே போய் வெளியே வரும். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை நெஞ்சில் தடவினோம், ஓமத்தைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தோம், தர்காவில் ஓதித் தண்ணீர் வாங்கினோம். ஆஸ்பத்திரி டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காற்றை அடைங்கள், இல்லாவிட்டால் ஊருக்கு அனுப்புங்கள்" என்றார்.

அடைத்தேன். சாக்கை மடித்து அந்தத் திறப்பில் திணித்தேன். நாலாம் நாள் ஓவர்சியர் வந்து, அண்ணாந்து பார்த்து, குடைக் கம்பால் சாக்கை இழுத்துக் கீழே போட்டார்.

"ஏம்பா, நீயே வெட்டி நீயே அடைக்கிறியா? இன்னொரு தரம் பார்த்தேன்னா வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடணும்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் காலி பண்ணினால் அடுத்து எங்கே போவது? வெளியே கூலிக்காரனுக்குக் கிடைத்த இடமெல்லாம் ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு ஆம்பிளைகள் படுக்கிற இடம். பெண்டாட்டி பிள்ளையோடு அங்கே போக முடியாது.

என் மனைவி அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு அடுப்படியில் இருந்தபடி சொன்னாள்: "ஏங்க, தை முடியறதுக்குள்ள அதை அடைக்க வழி பண்ணுங்க. இல்லேன்னா நான் புள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கப்பல் ஏறிடுவேன். தஞ்சாவூர்ல எங்க அண்ணன் இருக்கு." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். உலை வைக்கிற சாவதானத்தோடு சொன்னாள்.

ஆபீஸ்கள் இருக்கிற கியாக்டடாப் பகுதியில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிற ஒருவரைக் கொண்டு, திறப்பை அடைக்க அனுமதி கேட்டு மனு எழுதினேன். ஆச்சரியம்! மூன்றாம் வாரமே, வெள்ளிக்கிழமை காலை சுகாதார துரை நேரில் வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது.

இங்கேதான் நாங்கள் புத்தியைக் காட்டினோம்.

"வீடு இருக்கிறபடியே இருக்கட்டும், பார்த்துட்டுப் போகட்டும்" என்றுதான் வியாழக்கிழமை வரைக்கும் பேசிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை கண் விழித்தால் அவள் தரைப்பலகையை அரப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். "பெரிய மனுஷன் வீட்டுக்கு வர்றப்போ சாக்கும் கந்தலுமா கிடந்தா, நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. ஏழாம் வீட்டிலிருந்து நாற்காலி வந்தது. மூன்றாம் வீட்டிலிருந்து பூப்போட்ட கண்ணாடித் தம்ளர் வந்தது. சுவர்ப்பலகை கறுத்துக் கிடந்தது கண்ணை உறுத்தியதால், அவளுடைய கூறைப் புடவையையும் இரவல் வாங்கிய இரண்டு பட்டுப் புடவையையும் வடக்குச் சுவரில் கூரையடியிலிருந்து தரைவரை தொங்கவிட்டேன். ஆணி அடித்தால் பட்டு கிழியும் என்று கயிறு கட்டித் தொங்கவிட்டேன். என் கையால்! மடையன்.

துரை வந்தார், பின்னால் ஓவர்சியர். லயன் முழுக்க எங்களுக்கு ஆதரவாக வந்து நின்றது. பெண் பார்க்க வந்தவர்களை வேடிக்கை பார்க்கிறமாதிரி உள்ளே புகுந்து, வடக்குச் சுவரை ஒட்டி வரிசையாக நின்றுகொண்டார்கள். இடம் போதாத இரண்டு பேர் பெட்டிமேல் ஏறி நின்றார்கள். இருபது பேர் இருக்கும். அறை வெதுவெதுப்பாகிவிட்டது. எனக்கே வேர்த்தது.

துரை நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். வேலையை ஒழுங்காகச் செய்தார். பையிலிருந்து தீப்பெட்டி எடுத்து ஒரு குச்சியைக் கிழித்து உயர்த்திப் பிடித்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். மூச்சுக்காற்றாவது பட்டிருக்கலாம், அதுவும் படவில்லை. சுடர் கோயில் கருவறை விளக்குமாதிரி நேராக நின்றது. அவர் விரலைச் சுடும்வரை அசையவில்லை.

பிறகு குழந்தையைப் பார்த்தார். காலையிலேயே எண்ணெய் தடவி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, புதுக் கவுன் போட்டிருந்தோம். மற்ற நாளெல்லாம் நாய் மாதிரி இருமுகிற பெண், அன்றைக்கு ஒரு இருமல் இருமவில்லை. துரையைப் பார்த்துச் சிரித்தாள். அவர் கன்னத்தைத் தட்டி, சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தார். தேநீரைக் குடித்துவிட்டு ஏதோ எழுதினார். ஓவர்சியர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "காற்று புகவில்லை. வீடு மாதிரி வீடு. குழந்தை ஆரோக்கியம்."

ஜனங்கள் சந்தோஷமாகக் கலைந்தார்கள். நல்லபடியாக நடந்துவிட்டது என்றுதான் அவர்களுக்கு நினைப்பு. அவர்கள் போகப் போக வடக்குச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்தது. புடவைகளை இறக்கினேன். குழந்தை இரண்டு தரம் இருமினாள்.

"எல்லாம் நான்தான் பண்ணினேன்" என்று சொல்லி, என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். நான் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் என்னையும் சேர்த்துத் திட்டவேண்டியிருக்கும்.

அவள் சொன்னபடியே தை கடைசி வாரம் அவளுக்கும் குழந்தைக்கும் கப்பல். நான் கூடப் போக முடியாது. வேலையை விட்டால் மூவருக்கும் சோறு இல்லை. கப்பல் துறையில் குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா ஏறு, அப்பா ஏறு" என்றாள். "அடுத்த கப்பல்ல வர்றேன்டி தங்கம்" என்றேன். இப்படிச் சொல்கிற அப்பன்கள் அந்தத் துறையில் என்னைச் சுற்றி ஐம்பது பேர் நின்றார்கள். கப்பல் எங்கள் ஓடை வாயைத் தாண்டித்தான் கடலுக்குப் போகவேண்டும். அது போகும் நேரத்துக்கு நான் அங்கே ஓடி வந்து துண்டை வீசினேன். அவ்வளவு தூரத்தில் யாருக்குத் தெரியும்? இருந்தாலும் வீசினேன்.

சித்திரையில், ரங்கூன் கொதிக்கிற மாதத்தில், மேஸ்திரி என்னிடம் ஒரு வேலைச்சீட்டு நீட்டினார். ஐந்தாம் வீடு, வடக்குத் திறப்பை அடைக்கவும், தேக்குப் பலகை ஐந்து, தச்சன் ஒருவன். துரை எழுதியதைப் பார்க்காத ஏதோ ஒரு மேஜையில் என் மனு கிடந்து, யாரோ ஒரு புண்ணியவான் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அரை நாள் வேலை. ஒழுங்காகச் செய்தேன். ஒரு இடுக்கு விடவில்லை. அன்றைக்கே ஊருக்குக் கடிதம் போட்டேன்: வீடு அடைத்தாகிவிட்டது, புறப்பட்டு வா.

பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. அவள் அண்ணன் கையெழுத்து, அவள் வார்த்தை. இங்கே வந்ததிலிருந்து பிள்ளைக்கு ஒருநாள்கூட இழுப்பு இல்லை. தெருவெல்லாம் ஓடுகிறாள். நீங்கள் அடைத்தது சந்தோஷம். ஆனால் அந்த ஓடைக்கரைக்கு இனி இவளைக் கூட்டி வர எனக்கு மனசு இல்லை. என்னைக் கோபிக்க வேண்டாம்.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு இல்லை. ஓடுகிறாள் என்ற இடத்தை நாலு தரம் படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதே நேரத்தில் எதையாவது போட்டு உடைக்கவேண்டும்போலவும் இருந்தது. அறைக்குள் புழுக்கம் தாங்க முடியவில்லை. பெட்டிமேல் ஏறி, ஐந்து பலகையையும் ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் கீழே போட்டேன்.