மாமாவின் தொண்டை

“…வாய மட்டும் அசைச்சாப் போதும்னா அதுக்கு நானு எதுக்குங்க தம்பி? தர்மபுரியில துணிக்கடை வாசல்ல கோட்டு போட்டுகிட்டு ஒரு பொம்ம நிக்குது. அதத் தூக்கிகிட்டு வாங்க. சோறுகூடக் கேக்காது.”

வத்தல்மலைக்கு ஏறுகிற பாதையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றின் ஓரத்தில், கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்று மாமா இதைச் சொன்னபோது, ஒரு கையில் வெந்நீர் பிளாஸ்க்கும் இன்னொரு கையில் அவருடைய துண்டுமாக நான் பக்கத்தில் நின்றிருந்தேன். மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அப்பா. தம்பி என்று அவர் சொன்னது படத்தின் டைரக்டரை. கோட்டு படக் கம்பெனி கொடுத்தது. கண்ணாடி மாமாவுடையது. முதல் படத்தில் போட்ட அதே கண்ணாடியை ஸ்வீட் பெட்டிக்குள் பஞ்சு வைத்து இத்தனை காலம் காப்பாற்றி வந்திருந்தார். எங்கள் கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் குத்துவிளக்குகூட அந்த வீட்டில் அவ்வளவு மரியாதை பார்த்ததில்லை.

அது நடந்து மாதங்களாகிவிட்டன. இன்றைக்கும் சென்னையிலிருந்து போன் வருகிறது. அந்த ஒரு ஷாட்டை மட்டும் திரும்ப எடுக்க வேண்டுமாம், ஒருநாள் வந்து போனால் போதுமாம். போனை எடுப்பது நான். “தொண்ட கட்டியிருக்குதுன்னு சொல்லிடும்மா” என்பது மாமா. அதை அவர் மெதுவாகச் சொன்னாலாவது பரவாயில்லை. கொல்லைக்கடைசியில் களை எடுக்கிறவர்களுக்கும் சேர்த்துக் கேட்கும்படி சொல்லுவார். போனில் இருக்கிறவர், “தொண்டை நல்லாத்தானே இருக்கு மேடம்?” என்பார். சிக்னல் சரியில்லை என்று நான் வைத்துவிடுவேன். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். ஆகவே இந்தத் தொண்டைக்கு நானே காவல், நானே வக்கீல்.

மாமா வாழ்க்கையில் ஒரே ஒரு படத்தில்தான் பெரிய வேஷம் கட்டினார். அதற்கு முன்னால் பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் கூவிக்கொண்டிருந்தவர். கூடைகளுக்கு முன்னால் நின்று, இடுப்பில் கட்டைவிரலைக் கொக்கி போல மாட்டி, கழுத்தை நீட்டி, ஒரு தரம், ரெண்டு தரம் என்று அவர் இழுத்தால் ரோட்டில் போகிற பஸ் டிரைவர் திரும்பிப் பார்ப்பாராம். உள்ளங்கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி ‘மூணு தரம்’ என்று விட்டாரானால் முடிந்தது. பிறகு எந்த வியாபாரி வந்து எவ்வளவு கெஞ்சினாலும் அந்தக் கூடைக்கு விலை மாறாது. அப்படிப்பட்டவர் ஒருநாள் ஒகேனக்கல்லுக்கு ஷூட்டிங் வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார். கூட்டத்தில் அவர் நடந்து வந்த தோரணையைப் பார்த்த பழைய டைரக்டர், “இந்த ஆளுதான் நம்ம ஒற்றன்” என்று பிடித்துப்போட்டார். கறுப்புக் கண்ணாடி, கறுப்புக் கோட்டு, யாரிடமும் அதிகம் பேசாத உளவாளி. கடைசிக் காட்சியில் வில்லன் “யார் நீ?” என்று கேட்பான். இவர் திரும்பாமலே, “என் பெயரைத் தெரிந்துகொண்டவன் அதை இன்னொருவனிடம் சொன்னதில்லை” என்பார். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அப்படி ஒரு குரல். அந்த ஒரு வசனத்துக்காகவே ஜனங்கள் திரும்பத் திரும்ப டிக்கெட் எடுத்தார்கள் என்று எங்கள் பக்கத்தில் இன்னும் சொல்லுவார்கள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அடியாள் வேஷமும் வாட்ச்மேன் வேஷமும்தான். போதும் என்று ஊர் திரும்பி, நல்லம்பள்ளிப் பக்கத்தில் இருந்த சொந்தக் காட்டு நிலத்திலேயே தக்காளி போட ஆரம்பித்துவிட்டார்.

நான் மருமகளாக வந்த புதிதில் பார்த்தது என்னவென்றால், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி முடிவதற்குள் நாலு பேர் வந்து நிற்பார்கள். “அந்த டயலாக்க ஒருக்கா சொல்லுங்க, கேட்டுட்டுப் போயிடறோம்” என்பார்கள். மாமா உடனே தொண்டையைப் பிடித்துக்கொள்வார். “கட்டியிருக்குதுங்க. பேசவே முடியல.” நானும் நம்பினேன். பனங்கற்கண்டு போட்டுப் பால் காய்ச்சினேன், மிளகு இடித்தேன், சித்தரத்தையைத் தேடி காரிமங்கலம் சந்தை வரைக்கும் போனேன். அதையெல்லாம் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, அடுத்த கல்யாணத்தில் திரும்பவும் தொண்டையைப் பிடிப்பார். ஒருநாள் பொறுக்காமல், “இது என்ன தொண்டையா, இல்ல பஞ்சாயத்துக் கொழாயா? வேணுங்கறப்ப வரவே மாட்டேங்குது” என்று அத்தையிடமே கேட்டுவிட்டேன். அத்தை அவரைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளியவர். கடலை உரித்துக்கொண்டே சொன்னார்:

“அந்தக் குரலு அவருதில்லடி. மெட்ராஸ்ல எவரோ ரூமுக்குள்ள உக்காந்து பேசினது. இவரு பேசினதக் கேட்டுட்டு அந்த டைரக்டரு, ‘ஒற்றன் பேசற மாதிரி இல்ல, தக்காளி விக்கற மாதிரி இருக்குது, வில்லனக்கூட வாங்க போங்கங்கறான்’னு சிரிச்சாராம். நடையும் மூஞ்சியும் எம்புருசனுது. பேச்சு மட்டும் இன்னொருத்தருது.”

அன்றிலிருந்து நான் பால் காய்ச்சுவதை நிறுத்திவிட்டேன். மாமாவைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, கோபித்துக்கொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் அத்தனை மிளகு மிஞ்சியிருக்குமே.

அப்புறம்தான் புது டைரக்டரின் போன் வந்தது. சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவராம். அதே ஒற்றன் வயதாகித் திரும்பி வருவது போல அடுத்த படம் எடுக்கிறாராம். பழைய வசனத்தையும் ஒரு முறை சொல்ல வேண்டுமாம். மாமா சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “எங்கொரலுலதான் பேசுவேன். அதுக்கு சம்மதம்னா வாரேன்” என்றார். “சார், உங்க குரல்தான்” என்று அவரும் வாக்குக் கொடுத்தார். பழைய குரல்காரர் காலமாகிவிட்டார் என்கிற செய்தியையும் அவர்தான் சொன்னார். மாமா போனை வைத்துவிட்டு, பார்த்தே இராத அந்த மனிதருக்காகச் சட்டையைக் கழற்றிப் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். திரும்பி வந்து, “இனிமே நானேதாம்மா” என்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, நிறுத்தி வைத்திருந்த பனங்கற்கண்டுப் பாலை அன்றைக்கு நானே காய்ச்சிக் கொடுத்தேன்.

ஆனால் மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்ததே ஒரு கூத்து! சொந்தக் குரல் வேண்டும் என்று கேட்டு வாங்கிய மனிதர், செத்துப்போனவரின் குரலில் பேசிப் பழக ஆரம்பித்தார். காபி வேண்டுமென்றால் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பார். ரசத்தில் உப்பு குறைவு என்பதைக்கூட ஏதோ நாட்டு ரகசியத்தை எதிரியிடம் சொல்வது போலத் தாழ்ந்த குரலில் சொல்வார். பஸ்ஸில் ஏறி அந்தக் குரலில் “நல்லம்பள்ளி ஒன்று” என்றதற்குக் கண்டக்டர், “பெரியவரே, ஒடம்பு முடியலீன்னா ஆஸ்பத்திரிலயே எறங்கிக்கங்க” என்றாராம். ‘வாடீ’ என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடிவருகிற மாடு, இந்தப் புதுக் குரலுக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தை அடுப்படி வாசலில் வந்து நின்று கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “ஏண்டி, எம்புருசன எங்க காணோம்? யாரோ ஒரு ஆளு வூட்டுல சுத்திகிட்டு இருக்கறான், வெரட்டிவிடு” என்றார்.

எனக்கும் ஒருநாள் பொறுமை போயிற்று. “ஏங்க மாமா, இதுக்கா அந்தத் தம்பிகிட்ட வாக்கு வாங்குனீங்க? உங்க கொரலுல பேசுங்க” என்றேன். மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எங்கொரல யாருக்கும்மா தெரியும்? சனம் கேட்டது அந்தக் கொரலத்தான? நானு எங்கொரலுல பேசினா, இது டூப்பு, அசல் ஆளு இல்லைம்பாங்க.”

தன்னுடைய வேஷத்துக்குத் தானே டூப்பாகிவிடுவோம் என்று பயப்படுகிற மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். வெந்நீர் வைக்கப் போனேன்.

அப்படியே அழுத்திப் பேசிப் பேசி, அவருக்கு நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது. டாக்டர் கொஞ்ச நாளைக்குப் பேசவே கூடாது என்றார். ‘இத்தன வருசம் பொய் சொன்னாரு, இப்ப மெய்யாகிப்போச்சு’ என்பது அத்தையின் தீர்ப்பு. பேசாத மாமா பேசுகிற மாமாவைவிட மோசம். கைதட்டிக் கூப்பிடுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர், ரெண்டு தட்டு என்றால் பேப்பர். மூன்றாவது தட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே மறந்துபோகும். நான் ஓடிவந்து நின்றால், எதற்குக் கூப்பிட்டோம் என்று உத்தரத்தைப் பார்த்து யோசிப்பார். மண்டியில் பழகிய கை, சும்மா இருக்காது.

ஷூட்டிங் நாளன்று டாக்டர் பேசலாம் என்று சொல்லிவிட்டார். நானும் அத்தையும் கூடவே போனோம். மலை இறங்கி வந்தவர்கள் மாடுகளை ஓரங்கட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அத்தை குடை பிடித்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்து, மடியில் கடலையைக் கொட்டிக்கொண்டார். மாமா வளைவிலிருந்து நடந்து வந்தாரே, அந்த நடையைச் சொல்ல வேண்டும். வீட்டில் முட்டி வலி என்று சுவரைப் பிடித்து நடக்கிறவர்தான். சாலை நடுவில் அந்த இளவட்டத்து ஒற்றன் நரைத்த தலையோடு வந்தான். கூட்டத்தில் ஒருவர் விசில்கூட அடித்தார். பிறகு மாமா வாயைத் திறந்தார். கிணற்றுக்குள்ளிருந்து ஒன்று வந்தது. பாதியிலே உடைந்தது. இன்னொரு முறை எடுத்தார்கள், இன்னும் மோசம். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

டைரக்டர் நல்ல பிள்ளை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்குவமாகத்தான் சொன்னார். “சார், நீங்க ஸ்ட்ரெயின் பண்ணிக்க வேண்டாம். அந்தப் பழைய குரலையே கம்ப்யூட்டர்ல பழக்கி வச்சிருக்கோம், அவரோட வீட்டுலயும் சம்மதம் வாங்கியாச்சு. நீங்க வாய் மட்டும் அசைங்க, மீதிய நாங்க பாத்துக்கறோம். ஜனங்களும் அதத்தான் சார் எதிர்பார்ப்பாங்க.”

செத்தும் அந்த மனிதர் மாமாவை விடவில்லை. உயிரோடு இருக்கிறவரைப் பேச வேண்டாம் என்கிறார்கள், போய்ச் சேர்ந்தவரை எழுப்பிப் பேசச் சொல்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகி மரை போய்விட்டது. அப்போதுதான் மாமா துணிக்கடைப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

டைரக்டர், “கோச்சுக்காதீங்க சார், ஒரே ஒரு டேக். வாய் அசைவு மட்டும்” என்றார். மாமா சரி என்பது போலத் தலையை ஆட்டினார். ‘அவ்வளவுதான், அடங்கிவிட்டார்’ என்று நினைத்து வெந்நீரை நீட்டினேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தார். நடு ரோட்டில் போய் நின்றார். கேமரா ஓட ஆரம்பித்தது. கோட்டை ஒதுக்கி, இடுப்பில் கட்டைவிரலைக் கொக்கி போல மாட்டிக்கொண்டு கழுத்தை நீட்டினார்.

அத்தை கடலை உரிப்பதை நிறுத்தினார். “ஏண்டி, வந்துட்டாருடி எம்புருசன்.”

“எம்பேரத் தெரிஞ்சுகிட்டவன் எவனும்…” என்று மாமா இழுத்த இழுப்பில் சவுண்டு பார்க்கிறவர் காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கிப் போட்டார். ஓரத்தில் மேய்ந்த மாடுகள் அத்தனையும் தலை தூக்கின. எதிர்மலையில் பட்டு அந்தக் குரல் திரும்பி வருவதற்குள் மாமா மீதியையும் விட்டார்: “…அத இன்னொருத்தங்கிட்டச் சொன்னதே இல்லீங்கோ!”

டைரக்டர் ‘கட்’ சொல்ல மறந்து நின்றார். மாமா அவரைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, “மூணு தரம்!” என்று முடித்தார்.