ஆப்பரா ஹவுஸில் சிரித்தவன்

பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. நான் மட்டும் கேட்டிருந்தால் காதுக் கோளாறு என்று விட்டிருப்பேன். என்னோடு ஆர்லோவும் கேட்டான்.

நெப்ராஸ்காவில் எங்கள் சின்ன ஊர்க் கடைத்தெருவில், இரும்புக்கடை மாடியில் ஒரு கூடம். வாசலில் 'ஆப்பரா ஹவுஸ்' என்று பலகை; ஆப்பரா என்றால் பாட்டாகவே பாடி நடிக்கும் நாடகம். சாவி என்னிடம்தான் இருக்கும். ஊர் மேயரான என் கொழுந்தன் ஆர்லோ, அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'விழாக்கூடம்' என்று வைக்கத் துடித்தான். அன்று மாலை ஓட்டெடுப்பு. அதற்குள் நாலு மணிக்கே பலகையை அளக்க வந்துவிட்டான். உள்ளே மேடையையும் அளக்க வேண்டுமாம்! பூட்டைத் திறந்து உள்ளே விட்டேன்.

"இங்க ஒரு ஆப்பராவாவது பாடியிருக்காங்களா லவான்? குஸ்தி நடந்துச்சு. உருளைக்கிழங்கு விருந்து நடந்துச்சு. பேரு மட்டும் பெத்த பேரு!"

"நாடகக் கொட்டகைன்னு வெச்சிருந்தா பாதிரியார் ஒருத்தரையும் படியேற விட்டிருக்க மாட்டார். அதான் கௌரவமா இப்படி வெச்சாங்க. வெச்சது உன் பூட்டன்டா, வாயை மூடு!"

மணி 4.10. மூடிய திரைக்குப் பின்னால் ஒரு பெண் பாடத் தொடங்கினாள்.

புரியாத பாஷை. குரல் மேலே மேலே ஏறியது...

ஆர்லோ விழுந்து விழுந்து சிரித்தான். "ரேடியோவை அணைச்சுத் தொலை!"

பாட்டு நின்றது.

டக்... டக்... செருப்புச் சத்தம்.

முன்வரிசை நாற்காலிகள் தாமாக மடிந்தன. படார்! படார்!

"லவான்... இது உன் வேலைதானே?"

"இல்லடா..."

"சிரிச்சது... யாரு?"

தட்டுத் தடுமாறிய ஒரு பெண் குரல். அவன் காதருகே.

திரை விலகியது.

மேடையில் யாரும் இல்லை.

மாலைக் கூட்டத்தில் தீர்மானத்தைப் பேச ஆர்லோ எழுந்தான். வாய் அசைந்தது. காற்றுதான் வந்தது. தீர்மானம் தோற்றது, பெயர் தப்பியது. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். இன்றுவரை அவனுக்குப் பேச்சு வரவில்லை.

கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹால்வர் பிறகுதான் சொன்னார். கூடம் கட்டிய புதிதில், பெயரை நம்பி எங்கிருந்தோ ரயிலேறி ஒரு பாடகி வந்தாளாம். எங்கள் பாஷை சரியாகத் தெரியாதவள். முதல் அடி பாடியதுமே கூடம் முழுக்கக் கெக்கலித்ததாம். அழுதுகொண்டே பனியில் ஓடியவளைக் காலையில் பிணமாகத்தான் எடுத்தார்களாம். பாவிகள்! நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஹால்வர் அவள் கல்லைக் காட்டினார். அதில் ஒரே சொல்: 'ஆப்பரா.'

அவள் பெயரை ஒருவர்கூடக் கேட்டு வைக்கவில்லை.