பதினொரு நிமிஷத் தாமதம்

ரூஃபஸ் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் அவர்கள் குடியிருக்கும் மல்லாபூரில் மழை கொட்டும் என்பாள் அவர் மனைவி ஹில்டா. முப்பது வருஷமாக அந்த மனுஷர் பழகியதெல்லாம் ஒரு கிழட்டு அணையோடுதான். நிஜாம் காலத்துக் கட்டடம். ஹைதராபாத்திலிருந்து இரண்டு மணி நேரம். இருப்பதே இரண்டு டர்பைன். ஆனாலும் நகரத்தில் மின்சாரம் குறைந்தால் அதைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

டர்பைன் ஓடினால் கீழே முழங்காலளவு கிடக்கும் ஆற்றில் வெள்ளம் பாயும். அதனால் முதலில் மூன்று தடவை சைரன் ஊத வேண்டும். சட்டம் அவ்வளவுதான். ரூஃபஸ் மட்டும் வெளியே போய் ஆற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வால்வைத் திறப்பார்.

அன்று சைரன் ஊதி முடித்ததும் போனில் மேலதிகாரி கத்தினார். “ஜல்தி ரூஃபஸ், ஜல்தி! இன்னும் என்ன?” பதவி உயர்வுக்கு அவர் கையெழுத்துத்தான் வேண்டும். இன்று ஒருநாள் பார்க்காவிட்டால் என்ன என்று ரூஃபஸ் வால்வுச் சக்கரத்தைப் பிடித்துவிட்டார். மனசு கேட்கவில்லை. வெளியே ஓடினார்.

ஐயோ! நட்டாற்றுப் பாறையில் ஒரு பெண் சாவகாசமாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தொண்டை கிழியக் கத்தினார். அவள் திரும்பவே இல்லை. இறங்கிப் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது, அவளுக்குக் காது கேட்காது. அவளைக் கரையேற்றிவிட்டு வந்து டர்பைனை ஓட்டும்போது பதினொரு நிமிஷம் தாமதம்.

மெமோ வந்தது. பதில் எழுதினார், யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. பதவி உயர்வு போயே போய்விட்டது. வீட்டில், “லேட்டாயிட்டு” என்றதோடு சரி. விஷயம் தெரியாத ஹில்டா ஒரு வாரம் பொரிந்து தள்ளினாள்.

ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத் சர்ச்சில் கர்த்தருக்கு நன்றி எழுதிக் காசோடு போடும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களைப் பாஸ்டர் வாசித்தார். பிறந்தநாள், கல்யாண நாள், மகனுக்கு மாதாப்பூரில் வேலை. அப்புறம்: “சகோதரர் ரூஃபஸ். பதினொரு நிமிஷம் தாமதிக்க வைத்து ஒரு பெண்ணின் உயிரைக் காத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

ஹில்டா வெடுக்கென்று திரும்பினாள்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் பிடித்துக்கொண்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். “திறந்திருந்தேம்னா நான் மனுஷனா இருந்திருக்க மாட்டேன், ஹில்டா. எனக்கு இது போதும்.”

“ஏன் எங்கிட்ட மறைச்சீங்க? நான் வாய்க்கு வந்தபடி ஏசினேனே!” கண்ணைத் துடைத்தவள், விறுவிறுவென்று உள்ளே நடந்தாள்.

“பாஸ்டர், இன்னொரு கவர் தாங்க. இது என் பேர்ல.”